வீட்டிலேயே போட்ட டர்போ ஆயில் லைன்: புகை, கசிவு, விசில் வந்தால் எங்கே பார்ப்பது

டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாமல் வந்த காரில் டர்போ ஏற்றுபவர்கள், எக்ஸாஸ்டைச் சேர்த்து டர்போவுக்கு விடும் மேனிஃபோல்டிலும், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலும்தான் காசையும் கவனத்தையும் கொட்டுவார்கள். ஆயில் லைன் கடைசி நாள் மாலையில், கையில் மிஞ்சிய ஹோஸையும் நிப்பிளையும் வைத்து ஒப்பேற்றப்படும். கொஞ்ச நாளில் புகை வரும். "டர்போ சீல் போயிடுச்சு" என்று யாராவது சொல்வார்கள். டர்போவைக் கழற்றி வேறு டர்போ மாட்டுவார்கள். அதுவும் புகையும்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது ஓர் ஆயில் படலம். டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் ஃபீட் லைனில் எஞ்சின் ஆயில் பம்ப் கொடுக்கும் அழுத்தம் இருக்கிறது. ஆயில் திரும்பிப் போகும் ரிட்டர்ன் லைனில் அழுத்தமே கிடையாது. ஆயில் தன் எடையால்தான் எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்புக்கு இறங்கியாக வேண்டும். தண்டின் இரு முனையிலும் இருக்கும் சீல், நாம் நினைக்கிற ரப்பர் சீல் அல்ல. பிஸ்டன் ரிங் போன்ற ஒரு சின்ன உலோக வளையம். டர்பைனிலிருந்தும் (எக்ஸாஸ்ட் பக்கத்துச் சக்கரம்) கம்ப்ரசரிலிருந்தும் (காற்றுப் பக்கத்துச் சக்கரம்) வரும் காற்றழுத்தத்தோடு சேர்ந்துதான் அது வேலை செய்யும். நடுவில் ஆயில் தேங்கி நிறைந்துவிட்டால் அதைத் தடுத்து நிறுத்த அதனால் முடியாது. அதனால் புகைகிற டர்போவில் நான் பார்க்கும் வரிசை இது: முதலில் ரிட்டர்ன், அடுத்து கிராங்க்கேஸ் அழுத்தம் (எஞ்சினின் அடிக்கூட்டுக்குள் சேரும் காற்றழுத்தம்), அடுத்து ஃபீட், கடைசியில்தான் டர்போ.

கீழே சொல்வதெல்லாம் ஹோண்டா, சுசுகி போன்ற ஜப்பானிய நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில், காரெட் டி3 போன்ற பழைய ஜர்னல் பேரிங் (குண்டுகள் இல்லாத புஷ் வகை பேரிங்) டர்போவை ஏற்றியிருப்பதாக வைத்துக்கொண்டு. 1980களின் சாப் 900, வோல்வோ 240 டர்போ கார்களில் வந்தது இந்த டி3. பால் பேரிங் டர்போவுக்கு மாறுகிற இடங்களைத் தனியாகச் சொல்கிறேன்.

வேலை தொடங்கும் முன் இரண்டு விஷயம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் போடுங்கள். பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். எஞ்சின் ஆயில் 200 டிகிரிக்குச் சற்று மேலே போனாலே பற்றக்கூடிய ஆவியை விடும். விரட்டி ஓட்டிய டர்போ மேனிஃபோல்ட் அதைப் போல மூன்று நான்கு மடங்கு சூட்டில் இருக்கும்.

சிக்னலில் நின்று கிளம்பும்போது நீலப் புகை

அதிகம் வரும் புகார் இதுதான். புகை எஞ்சினுடையதா, டர்போவுடையதா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்துப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். மேட்டில் லோடு இழுக்கும்போது விடாமல் புகைந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்கலாம். சில நிமிடம் ஐடிலில் நின்று, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் குபுகுபுவென்று கிளம்பினால் டர்போ ரிட்டர்னாக இருக்கலாம், வால்வு சீலாகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் ஸ்பார்க் பிளக் பிரித்துக் காட்டும். டர்பைன் பக்கம் கசியும் ஆயில் சிலிண்டரைத் தாண்டிய பிறகுதான் எக்ஸாஸ்டில் சேர்கிறது. ஆகவே பிளக்குகள் காய்ந்து, மங்கிய பழுப்பு நிறத்தில் இருக்க, டர்போ வாயில் எக்ஸாஸ்ட் பைப்பைக் கழற்றினால் டர்பைன் சக்கரம் ஈரமாகக் கறுத்திருந்தால், எஞ்சின் மேல் குற்றமில்லை. பிளக்கிலும் ஆயில் இருந்தால் எஞ்சினையும், கம்ப்ரசர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அது பின்னால் வருகிறது.

சரி, டர்போ பக்கம்தான் என்று ஆகிவிட்டது. இப்போது ரிட்டர்னுக்கு வாருங்கள்.

முதல் கேள்வி அளவு. "ஃபீடுக்கு கால் அங்குலம் போதும் என்கிறீர்கள், அதே ஆயில்தானே திரும்பி வருகிறது, அதற்கு மட்டும் ஏன் கட்டைவிரல் மொத்தத்தில் பைப்?" என்று கேட்பார்கள். உள்ளே போவது கெட்டியான ஆயில். வெளியே வருவது, சுழலும் தண்டு அடித்துக் கலக்கிய நுரை. காபியை உயரத் தூக்கி ஆற்றினால் டம்ளர் கொள்ளாமல் நுரை எழும்புகிறதே, அதே கதை: அளவும் பெருகிவிடும், வேகமாக இறங்கவும் செய்யாது. ரிட்டர்னில் எந்த இடத்திலும் உள்விட்டம் 12 மிமீக்குக் குறையக் கூடாது. 16 முதல் 19 மிமீ இருந்தால் நல்லது. ஏஎன் (ஹோஸ், நிப்பிள்களுக்கான அமெரிக்க அளவு முறை) கணக்கில் 10ஆம் நம்பர் ஹோஸ்.

"எந்த இடத்திலும்" என்பதுதான் முக்கியம். ஹோஸ் பெரிதாக இருக்கும், அதன் முனையில் மாட்டியிருக்கும் 90 டிகிரி பித்தளை எல்போவுக்குள் வெர்னியரை விட்டால் 9 மிமீ காட்டும். குழாய்க்கடை எல்போக்களில் உள்ளே திரும்பும் இடம் இன்னும் குறுகலாக, பிசிறோடு இருக்கும். எல்போ இல்லாமல் முடியாது என்றால் வளைத்த பைப் எல்போ போடுங்கள். 90க்குப் பதில் 45 போதுமென்றால் 45.

இரண்டாவது சரிவு. டர்போவின் ஆயில் வெளியேறும் வாய் நேர் கீழே பார்த்திருக்க வேண்டும். கோணலாக மாட்டியே தீரவேண்டும் என்றால், செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாய விடாதீர்கள். மேனிஃபோல்டுக்கு இடம் போதவில்லை என்று டர்போவைத் திருப்பி வைத்தவர்கள் நடு ஹவுசிங்கைத் தனியாகத் திருப்பிச் சரிசெய்ய மறந்துவிடுவதுண்டு. அங்கிருந்து சம்ப் வரை ஹோஸ் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒரு தொய்வு இருந்தால் அந்தக் குழியில் ஆயில் நிற்கும், நுரை அதைத் தாண்ட முடியாமல் மேலே தேங்கும். வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது சரியாகத் தெரிகிற ஹோஸ், சூடேறி மெத்தென்று ஆன பிறகு தொங்கியிருக்கும். ஓட்டிவிட்டு வந்து, சூடாக இருக்கும்போதே டார்ச் அடித்துப் பாருங்கள்.

மூன்றாவது, சம்பில் போட்ட துளையின் உயரம். ரிட்டர்ன் வந்து சேரும் துளை ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். கண்ணளவில் சொல்லிவிட முடியாது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் இதற்குப் போதும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆயிலை வடித்துவிட்டு, ட்ரெயின் போல்ட் இருந்த இடத்தில் அதே மரையுள்ள நிப்பிள் ஒன்றைப் போட்டு, கண்ணாடி டியூபை மாட்டி, டியூபின் மறுமுனையைத் திறந்தபடி எஞ்சின் பக்கவாட்டில் மேலே தூக்கிக் கட்டிவிடுங்கள். இப்போது டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை ஆயிலை ஊற்றுங்கள். சம்புக்குள் ஆயில் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதே உயரத்தில் டியூபிலும் நிற்கும். சம்பின் வெளிப்புறத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. துளை அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் புகைக்கு வேறு காரணம் தேடி அலைய வேண்டாம். ஆயிலைக் கொஞ்சம் குறைவாக ஊற்றி ஓட்டிக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். திருப்பத்தில் பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங்கோடு சேர்ந்து போகும். துளையை மாற்றுவதுதான் வழி.

துளையை மாற்றும்போது சம்பைக் கழற்றி இறக்கி, தகர சம்ப் என்றால் இரும்பு பங் (மரையுள்ள வளையம்) ஒன்றை வெல்டிங் வைத்து, உள்ளே சுத்தமாகக் கழுவி மாட்டுங்கள். கழற்றாமலே கிரீஸ் தடவிய டேப்பால் (மரை வெட்டும் கருவி) மரை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சில துகள் உள்ளே விழத்தான் செய்யும், பிறகு ஆயிலை ஊற்றி வடித்துக் கழுவுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெல்லிய தகரத்தில் இரண்டு மரைகூடப் பிடிக்காது, அதுவே பிற்பாடு ஒரு கசிவு.

நான்காவது, கேஸ்கெட். டர்போவின் அடியில் ரிட்டர்ன் ஃபிளேஞ்ச் உட்காரும் இடத்தில் கேஸ்கெட்டின் துளையும் ஃபிளேஞ்சின் துளையும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா? சிலிகான் பேஸ்டைத் தாராளமாகத் தடவியிருந்தால் இறுக்கும்போது உள்பக்கம் பிதுங்கி, வாயைப் பாதி அடைத்திருக்கும். இந்த இடத்துக்குப் பேஸ்டே வேண்டாம். முகம் தட்டையாக இருந்தால் பேப்பர் கேஸ்கெட் போதும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் புகைந்தால், கிராங்க்கேஸ் அழுத்தம். சம்புக்குள் காற்றழுத்தம் கூடினால் அது ரிட்டர்ன் ஹோஸ் வழியாக மேலே தள்ளும், ஆயில் இறங்காது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, ரப்பர் கையுறை ஒன்றை அந்த வாயில் மாட்டிக் கட்டி, ஐடிலில் விடுங்கள். கையுறை உள்ளே உறிஞ்சப்பட்டாலோ, துவண்டு கிடந்தாலோ நல்லது. விறைத்து நின்றால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. தேய்ந்த பிஸ்டன் ரிங்காக இருக்கலாம். பெரும்பாலும் எஞ்சின் ஆவி வெளியேறும் பிரீதர் வழி அடைபட்டிருக்கும். டர்போ இல்லாத எஞ்சினின் பிசிவி வால்வை (அந்த ஆவியை இன்டேக்குக்கு விடும் வால்வு) அப்படியே விட்டிருந்தாலும் தகராறுதான்: பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) வரும்போது இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தம் அதன் வழியாக எஞ்சினுக்குள் ஏறும். அந்தக் குழாயில் பூஸ்டைத் தாங்கும் ஒருவழி வால்வு ஒன்றைப் போட்டு, வால்வு கவரிலிருந்து பெரிய பிரீதர் ஹோஸை, ஆயில் ஆவியைப் பிடித்துவைக்கும் கேட்ச் கேன் வழியாக டர்போவுக்கு முன்னால் கொண்டுபோய் விடுங்கள். பூஸ்டில் மட்டும் வரும் அழுத்தத்தை ஐடிலில் கட்டிய கையுறை காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் தகர டின் சோதனை இருக்கிறது. முதலில் வண்டியை நன்றாக ஓட்டி, எக்ஸாஸ்டில் தங்கிய பழைய ஆயிலை எரித்துவிடுங்கள். ரிட்டர்ன் ஹோஸைச் சம்ப் முனையில் கழற்றி, சம்பின் துளையை அடைத்துவிட்டு, ஹோஸைச் சுத்தமான டின்னுக்குள் விடுங்கள். ஐடிலில் ஓடட்டும். இன்னொருவர் டின்னில் சேரும் ஆயிலைப் புனல் வைத்து எஞ்சினுக்குள் திரும்ப ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மட்டம் இறங்க விடக்கூடாது. கொதிக்கும் ஆயில், கையுறை அவசியம். வழக்கமாகப் புகை கிளம்பும் நேரம் கடந்தும் புகை வராவிட்டால், டர்போ நன்றாக இருக்கிறது. குறை சம்ப் துளையிலோ கிராங்க்கேஸ் அழுத்தத்திலோ. டின்னில் சொட்டுச் சொட்டாக விழுந்து டர்போ மட்டும் புகைந்தால், அடைப்பு டர்போவின் வாய்க்கும் ஹோஸ் முனைக்கும் நடுவில். டின்னில் தாராளமாக விழுந்தும் புகைந்தால்தான் ஃபீடையும் டர்போவையும் சந்தேகிக்க வேண்டும்.

ஃபீட் அழுத்தம் அதிகமாவதும் புகைக்குக் காரணமாகும். டர்போ முனையில் டீ (மூன்று வழி இணைப்பு) போட்டு கேஜ் மாட்டிப் பாருங்கள். பால் பேரிங் டர்போவுக்கு காரெட் சொல்வது, எஞ்சினின் உச்ச சுற்றில் 40 முதல் 45 பிஎஸ்ஐ. அதற்கு டர்போ வாயில் ஏறக்குறைய 1 மிமீ துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் (ஆயில் ஓட்டத்தைக் குறைக்கும் தடுப்பு) போட வேண்டும், அதைவிடச் சிறிதாக வேண்டாம். ஜர்னல் பேரிங்குக்கு ரெஸ்ட்ரிக்டர் வழக்கமாகத் தேவையில்லை. ரிட்டர்ன் எல்லாம் சரியாக இருந்தும், பம்ப் அழுத்தம் அதிகமுள்ள எஞ்சினில் கசிந்தால் மட்டும் 1.5 மிமீ அளவில் ஒன்று போட்டுப் பார்க்கலாம். ரிட்டர்ன் கோளாறை மூடி மறைக்க ஃபீடைச் சுருக்குவது ஊரில் பரவலாக நடக்கிறது. புகை நின்றுவிடும். கொஞ்ச நாளில் பேரிங்கும் நின்றுவிடும்.

பிளாக்கில் ஃபீட் எடுத்த இடத்தில் கசிவு

ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அங்கே ஒரு டீ போட்டு ஃபீட் எடுப்பதுதான் எல்லோரும் செய்வது. இறுக்க இறுக்கக் கசிகிறது என்றால் மரை வேறு. ஜப்பானிய எஞ்சின்களில் அந்தத் துளை பெரும்பாலும் பிரிட்டிஷ் முறை டேப்பர் மரையான 1/8 பிஎஸ்பிடி, அங்குலத்துக்கு 28 மரை. கடையில் கிடைக்கும் டர்போ நிப்பிள்கள் பெரும்பாலும் அமெரிக்க 1/8 என்பிடி, அங்குலத்துக்கு 27 மரை. மரையின் கோணமும் வேறு: ஒன்று 55 டிகிரி, மற்றது 60. பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கையால் இரண்டு சுற்று அழகாக ஏறும், பிறகு பிடித்துக்கொள்ளும். "டேப்பர் மரை, அப்படித்தான் இருக்கும்" என்று ஸ்பேனர் போட்டு இன்னும் ஒரு சுற்று ஏற்றினால் கசிவு நிற்பது போலத் தெரிந்து, சூடேறியதும் மறுபடி வரும். அலுமினிய ஹவுசிங் என்றால் விரிசலும் விடும். பிட்ச் கேஜை வைத்துப் பாருங்கள், அல்லது கழற்றிய பழைய சுவிட்சின் மரையையும் நிப்பிளின் மரையையும் வெளிச்சத்தில் பல்லோடு பல் சேர்த்துப் பிடியுங்கள். ஐந்தாறு பல் தாண்டியதும் விலகுவது தெரியும். தீர்வு, ஒரு பக்கம் பிஎஸ்பிடியும் மறுபக்கம் ஏஎன்னும் உள்ள அடாப்டர்.

மரைக்கு வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதன் நார் ஒன்று அறுந்து போனால் அடுத்து நிற்கும் இடம் டர்போவின் சின்ன ஆயில் துளை. ஆயில் தாங்கும் திரவ சீலன்டை, முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுத் தடவுங்கள். ஏஎன் ஃபிளேர் மூட்டுக்கும் (குழாய் முனையைக் கூம்பாக விரித்துப் பிடிப்பது) பாஞ்சோவுக்கும் (நடுவில் துளையுள்ள போல்ட்டால் வளைய முனையைப் பிடிப்பது) சீலன்டே கிடையாது.

டீயே உடைந்து ஆயில் பீய்ச்சினால், அதன் தலையில் என்ன மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். கேஜுக்கான கனமான சென்டர் (அழுத்தத்தை உணர்ந்து கேஜுக்கு அனுப்பும் சென்சார்) ஒன்று பித்தளை டீயின் நுனியில் தொங்கிக்கொண்டிருக்கும். எஞ்சின் அதிரும் ஒவ்வொரு முறையும் அந்தக் கனம் மரையின் கழுத்தை ஆட்டுகிறது, ஒருநாள் வெட்டினாற்போல் முறியும். சென்டரைத் தனி ஹோஸில் ஃபயர்வாலுக்கோ ஃபெண்டருக்கோ கொண்டுபோய்ப் பிடித்துவிடுங்கள். டீ எஃகாக இருக்கட்டும்.

ஃபிளேர் மூட்டு எவ்வளவு இறுக்கினாலும் வியர்க்கிறது

இதில் பாதிக்குப் பாதி ஏசி மெக்கானிக்கின் ஃபிளேரிங் டூல். அந்த டூல் போடுவது 45 டிகிரி ஃபிளேர். ஏஎன், ஹைட்ராலிக் ஜேஐசி மூட்டுகள் 37 டிகிரி. 45ஐ 37இன் மேல் உட்கார வைத்தால் முகம் முழுக்கப் படியாது, ஒரு கோட்டில் மட்டும் தொடும். கோடு எங்காவது விட்டால் ஆயில் வெளியே வந்துவிடும். ஃபிளேரின் உள்முகத்தில் மார்க்கர் மையைப் பூசி, ஒருமுறை இறுக்கிக் கழற்றிப் பாருங்கள். மை அகலமான வளையமாக அழிந்திருந்தால் சரி. மெல்லிய கோடாக மட்டும் அழிந்திருந்தால் கோணம் தப்பு. 37 டிகிரி டூல் ஹைட்ராலிக் ஹோஸ் கடைகளில் இருக்கும்.

அதே ஏசி மெக்கானிக்கிடம் வாங்கிய கால் அங்குலச் செம்புக் குழாயில் ஃபீட் போட்டிருந்தால் கோணத்தைத் திருத்துவதோடு நிற்காதீர்கள், குழாயையே மாற்றுங்கள். செம்பு கையால் வளையும், பளபளவென்று பார்க்க நன்றாக இருக்கும். அதிர்வில் அது இறுகி விறைத்து, ஃபிளேர் கழுத்தில் தலைமுடி அளவில் வெடிக்கும். ஓடும்போது மட்டும் வாய் திறக்கும் வெடிப்பு அது. நின்ற வண்டியில் தேடினால் அகப்படாது, மேனிஃபோல்ட் மேல் ஈரம் மட்டும் இருக்கும். உலோகக் குழாய்தான் வேண்டும் என்றால் எஃகு அல்லது செம்பு-நிக்கல் கலவை, நடுவில் ஒரு சுருள் விட்டு, பிளாக்கோடு கிளிப் போட்டுப் பிடித்து.

பாஞ்சோ போல்ட் கசிந்தால் முதலில் செம்பு வாஷர். பாஞ்சோவின் வளைய முனைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வேண்டும். பழைய வாஷர்தான் கையில் இருக்கிறது என்றால் அடுப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். எஃகைப் போல இறுகாது, மிருதுவாகிவிடும். அதற்குப் பிறகும் கசிந்தால் போல்ட் நீளமாக இருந்து துளையின் அடியில் முட்டுகிறதா என்று பாருங்கள்.

ஹோஸ் உப்பியிருக்கிறது, அழுத்தினால் குழைகிறது

ரிட்டர்னுக்கு ஹீட்டர் ஹோஸ் போட்டிருப்பார்கள். அளவு சரியாக இருக்கிறது, வளைவும் அமைகிறது, விலையும் குறைவு. ரேடியேட்டர், ஹீட்டர் ஹோஸ்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். தண்ணீரையும் கூலன்டையும் வருஷக்கணக்கில் தாங்கும், பெட்ரோலிய ஆயில் பட்டால் ஊறி உப்பும். வெளியே உப்புவதைவிட உள்ளே உப்புவதுதான் ஆபத்து: 16 மிமீ வழி மெல்ல மெல்லக் குறுகும். மாட்டியபோது புகையாத வண்டி கொஞ்ச நாளில் புகைய ஆரம்பித்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நீலமும் சிவப்புமாக வரும் சாதாரண சிலிகான் ஹோஸும் ஆயிலுக்கு ஆகாது, சுவர் வழியாகவே ஆயில் வியர்க்கும். உள்ளே ஃப்ளூரோசிலிகான் அல்லது வைட்டான் பூச்சு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். ரிட்டர்னில் அழுத்தம் இல்லாததால் ஹோஸ் கிளிப் போதும். ஃபீடில் கிளிப் போட்ட ஹோஸைப் பார்த்தால் அந்த வண்டியில் ஏறாதீர்கள்.

ஃபீடுக்கு ஜேசிபி ஹோஸ் கடையில் அடித்துக் கொடுக்கும் கறுப்பு ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்தத்தைப் பொறுத்தவரை தாராளம். நமக்கு வேண்டியதைப் போலப் பல மடங்கு தாங்கும். சூடுதான் பிரச்சினை. சாதாரண ஆர்1, ஆர்2 ரக ஹோஸ்களின் எல்லை 100 டிகிரி. டர்போ பக்கத்தில் அது கருகி, விறைத்து, வளைக்கும்போது நொறுங்கும். அதே கடையில் ஆர்14 என்று கேளுங்கள். உள்ளே டெஃப்லான், வெளியே ஸ்டெயின்லெஸ் பின்னல், 200 டிகிரி வரை தாங்கும். அதற்கான முனைகளையும் அங்கேயே கிரிம்ப் செய்து, பம்பில் மாட்டி அழுத்தம் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். வீட்டிலேயே ஏஎன் முனை மாட்டுகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: ரப்பர் ஹோஸின் முனை டெஃப்லான் ஹோஸுக்குப் பொருந்தாது. டெஃப்லானுக்கு உள்ளே தனியாக ஒரு பித்தளை வளையம் வரும். மாற்றி மாட்டினால் கையில் இறுக்கமாகத்தான் தெரியும், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் நொடியில், அழுத்தம் உச்சத்துக்குப் போகும்போது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

டர்போ விசில் சைரனாக மாறிவிட்டது

டர்போ சத்தம் கேட்கத்தான் செய்யும். அது நாளுக்கு நாள் கூர்மையாகி, ஆம்புலன்ஸ் போல ஏறி இறங்கினால் தண்டு ஆடுகிறது. எஞ்சினை ஆறவிட்டு, ஏர் ஹோஸைக் கழற்றி, கம்ப்ரசர் நட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் ஜர்னல் பேரிங்குக்கு இயல்பு, ஆயில் வந்தால் அது நிரம்பும். முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளினால் கையில் தெரியும்படி அசைவு இருக்கக் கூடாது. சக்கரத்தின் இறக்கை ஹவுசிங்கில் உரசிய தடம் இருந்தால் டர்போ முடிந்தது.

முடியாமல் இருந்தால், ஆயில் ஏன் போதவில்லை என்று தேடுங்கள். ஃபீட் ஹோஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். ரப்பர் ஹோஸுக்குள் நிப்பிளைத் திணிக்கும்போது, ஹோஸின் உள்சுவரை அது சீவிக்கொண்டு போயிருக்கும். அந்தச் சீவல் ஒரு கதவு போல ஒட்டிக்கொண்டு தொங்கும். ஒரு பக்கமிருந்து ஊதினால் காற்று போகும், மறுபக்கமிருந்து ஊதினால் அடைத்துக்கொள்ளும். ஆயில் போகும் திசையில் அது மூடிக்கொண்டால் டர்போ பட்டினி. நிப்பிளுக்கு ஆயில் தடவி, சுற்றிச் சுற்றித் திணித்தால் சீவாது. முடித்த பிறகு உள்ளே ஒரு கம்பியோ சிறு பேரிங் குண்டோ விட்டு, தடையில்லாமல் மறுபக்கம் வருகிறதா என்று பார்க்கலாம்.

பின்னல் ஹோஸை கிரைண்டரில் அறுத்தவர்கள் ஹோஸுக்குள் ரப்பர் பொடியையும் எஃகு நாரையும் சேர்த்தே அடைத்திருப்பார்கள். வெட்டும் இடத்தில் டேப்பை இறுக்கிச் சுற்றி, பல் நெருக்கமான ரம்பத்தால் அறுத்து, மண்ணெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் கழுவி, காற்றடித்து, பிறகு முனையைப் போடுங்கள். டர்போ பேரிங்கில் இருக்கும் இடைவெளிக்கு அந்த எஃகு நார் ஒன்றே போதும்.

கழற்றிய பாஞ்சோ போல்ட்டையும் பாருங்கள். வேறு வண்டியின் பிரேக் பாஞ்சோ போல்ட் மரை பொருந்துகிறது என்று போட்டிருந்தால், அதன் துளை உங்கள் ரெஸ்ட்ரிக்டரைவிடச் சிறிதாக இருக்கலாம். வேண்டாத இடத்தில் இரண்டாவது ரெஸ்ட்ரிக்டர்.

ஃபீட் குழாய் டர்போவுக்குள் நுழையும் முனையில் கறுப்பாகக் கரி படிந்திருந்தால், விரட்டி ஓட்டிவிட்டு உடனே சாவியைத் திருப்பும் பழக்கம். ஓட்டம் நின்ற ஆயில் டர்பைன் சூட்டில் வெந்து கரியாகிறது. ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். தண்ணீர் வழியுள்ள டர்போ என்றால் அந்த இணைப்பை அடைத்துவைக்காமல் கூலன்டோடு சேருங்கள்.

ஐடிலில் ஆயில் லைட் மினுக்குகிறது

டர்போ ஏற்றிய பிறகுதான் இது வந்ததென்றால், கட்டுப்பாடில்லாத பெரிய ஃபீட் வழியாகச் சூடான மெல்லிய ஆயில் போய்க்கொண்டிருக்கிறது. ஃபீட் 6 மிமீ உள்விட்டத்துக்கு மேல் தேவையே இல்லை. அந்த அளவிலும் லைட் எரிந்தால் எஞ்சின் பேரிங்கோ பம்போ ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது, டர்போ அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. கேஜ் மாட்டி அளக்காமல் கெட்டியான ஆயிலை ஊற்றிச் சமாளிக்க வேண்டாம்.

இன்டர்கூலர் பைப்பில் ஆயில்

விரலில் ஒட்டும் அளவுக்கு ஒரு படலம் இருப்பது இயல்பு, பிரீதர் ஆவி அது. பைப்பைச் சாய்த்தால் வழிந்தால்தான் கவலை. ஏர் ஃபில்டரை முதலில் பாருங்கள். அடைபட்ட ஃபில்டர் கம்ப்ரசர் வாயில் உறிஞ்சல் உண்டாக்கி, சீல் வழியே ஆயிலை இழுக்கும். ஃபில்டர் சுத்தம், கேட்ச் கேனிலும் ஆயில் குறைவு என்றால், மேலே புகைக்குச் சொன்ன ரிட்டர்ன் வரிசையையே இங்கும் பின்பற்ற வேண்டியதுதான்.

பானட்டைத் திறந்தால் கருகிய ஆயில் வாடை

வண்டியை ஓட்டாதீர்கள். மேனிஃபோல்டையும் எக்ஸாஸ்ட் பைப்பையும் ஒட்டிப் போகும் ஹோஸ்தான் காரணமாக இருக்கும். இடம் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் கண்ணாடி நார் உறையைப் போட்டு, நடுவில் அலுமினியத் தகட்டுத் தடுப்பு ஒன்றை நிறுத்துங்கள். உறை மட்டும் போட்டால் போதாது, கசிவு தொடங்கினால் அது ஆயிலைக் குடித்து ஊறிவிடும். ஸ்டெயின்லெஸ் பின்னல் பக்கத்தில் உள்ள ஒயரையும் பெயின்டையும் அரம் போல் தேய்க்கும், உரசும் இடத்தில் ரப்பர் துண்டு வைத்துக் கிளிப் போடுங்கள்.

புது டர்போ மாட்டுவதற்கு முன்

பழைய டர்போவின் தண்டு நீலம் பாரித்திருந்தால் ஆயில் பட்டினி, பேரிங்கில் கோடு கோடாகக் கீறல் இருந்தால் ஆயிலில் துகள். எதுவாக இருந்தாலும் பழைய ஃபீட் ஹோஸைக் கழுவித் திரும்பப் போடாதீர்கள், விலை குறைவானதுதான். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். புது டர்போவின் ஃபீட் துளையில் ஆயிலை ஊற்றிக் கையால் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். ரிட்டர்ன் ஹோஸைச் சம்ப் முனையில் மாட்டாமல் டின்னில் விட்டு, இக்னிஷன், இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரை விட்டு விட்டு, இடைவெளி கொடுத்து அடியுங்கள். டின்னில் ஆயில் விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகு ஹோஸை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலில் சில நிமிடம், மூட்டு ஒவ்வொன்றிலும் காகிதம் ஒற்றிப் பார்த்து, எஞ்சின் முழுக்க ஆறியதும் ஃபிளேஞ்ச் போல்ட்களை இன்னொரு தடவை இறுக்குங்கள். பூஸ்ட் அடுத்த நாளைக்கு.